சதுர அடிக்கு எத்தனை கிலோ? 20 மீட்டர் ஷெட்டுக்கு மூன்று சட்டகங்கள்

ஷெட் போட மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினால், முதலில் கண்ணில் படுவது சதுர அடிக்கு இத்தனை கிலோ என்ற எண்தான். குறைந்த கிலோ காட்டியவருக்கு வேலை போய்விடுகிறது. அந்த எண்ணில் இரும்பு மட்டுமே இருக்கிறது. அஸ்திவாரக் கான்கிரீட், தூணை அதோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட், தூணடித் தகட்டுக்குக் கீழே நிரப்பும் கிரௌட் சாந்து எல்லாம் சிவில் காண்டிராக்டரின் பில்லில் தனியாக வரும். ஒரு சட்டகம் (தூண்களும் அவற்றின் மேல் கூரையைத் தாங்கும் குறுக்கு இரும்பும் சேர்ந்த எலும்புக்கூடு) மேலே மிச்சம் பிடித்ததை மண்ணுக்குள் செலவழிக்கும், இன்னொன்று மண்ணில் மிச்சம் பிடித்து மேலே செலவழிக்கும். ஆகவே ஒப்பிட வேண்டியது எடையை அல்ல. காற்று கொடுக்கும் விசையை எந்தச் சட்டகம் எந்த இடத்தில் வாங்குகிறது, அந்த இடத்து வேலையை நம்மால் ஒழுங்காகச் செய்ய முடியுமா என்பதைத்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சாதாரண கோடவுன்: அகலம் 20 மீட்டர், நீளம் 48 மீட்டர் (6 மீட்டருக்கு ஒரு சட்டகம்; இரண்டு சட்டகத்துக்கு இடைப்பட்ட இடம் ஒரு பே, ஆக 8 பே), தூண் உயரம் 7 மீட்டர், கூரைச் சரிவு 5 டிகிரி, தகடுக் கூரை, கிரேன் இல்லை. பரப்பு பத்தாயிரம் சதுர அடிக்குச் சற்று மேல். இடம் செங்கல்பட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இதே ஷெட் கோயம்புத்தூரில் என்றால் என்ன மாறும் என்பதையும் ஆங்காங்கே பார்ப்போம்.

முதலில் காற்று

காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி (2015) சென்னை வட்டாரத்துக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், கோயம்புத்தூருக்கு 39. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருந்தால் தொழிற்கூடங்களுக்குப் புயல் காரணியாக 1.15 சேரும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது. செங்கல்பட்டில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ, கோவையில் 91 கிலோ. கோவையில் பத்து வருடம் நன்றாக நிற்கும் ஷெட்டின் டிராயிங்கை அப்படியே வாங்கிவந்து கடலோரத்தில் கட்டக்கூடாது என்பதற்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை.

ஷெட் விஷயத்தில் காற்று தள்ளுவதைவிடத் தூக்குவதுதான் பெரிது. காற்று வரும் பக்கத்துக் கூரைப் பாதியில் வெளி உறிஞ்சல் மேலே சொன்ன அழுத்தத்தில் 0.9 மடங்கு. ஷட்டர்கள் திறந்திருந்தால் உள்ளழுத்தம் 0.5. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து 1.4 ஆகிறது. பரப்புச் சராசரிக் காரணி 0.8-ஆல் பெருக்கியும், கூரையின் சொந்த எடையைச் சதுர மீட்டருக்கு 30 கிலோ என்று கழித்தும் பார்த்தால், ஒரு தூணை மேலே இழுக்கும் நிகர விசை 10 முதல் 11 டன். கோவையில் இது சுமார் 4 டன்.

11 டன்னைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? 1.5 மீட்டர் சதுரப் பாதம், 1.5 மீட்டர் ஆழம் என்று ஊரில் எல்லோரும் போடும் அஸ்திவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டும் மேலே நிரப்பிய மண்ணும் சேர்ந்து 6 டன் சொச்சம்தான் தேறும். பாதுகாப்புக் காரணி எதுவும் போடாமலே பாதிதான் வந்திருக்கிறது. "இரும்பு ஷெட் லேசானது, சின்ன பாதம் போதும்" என்ற பேச்சு கீழே அழுத்தும் எடைக்குச் சரி, மேலே இழுக்கும் விசைக்குப் பொருந்தாது. மூன்று சட்டகத்துக்கும் இந்தத் தலைவலி பொது.

மூன்று வழிகள்

ஒன்று, அடியில் கீல் வைத்த போர்ட்டல், அதாவது தூணும் ராஃப்டரும் ஒரே உறுப்பாக இறுகிய வாசல் வடிவச் சட்டகம். ஹிஞ்ச்டு பேஸ் என்பார்கள். தூணின் அடி சுழல விடப்பட்டிருக்கும், மேலே தூணும் ராஃப்டரும் (கூரையின் சாய்வு உத்திரம்) சேரும் ஹாஞ்ச் என்ற மூட்டு இறுக்கமாக இருக்கும். பி.இ.பி. (பட்டறையில் முன்பே தயாரித்துக் கொண்டுவந்து பூட்டும் கட்டடம்) கம்பெனிகள் பெரும்பாலும் கொடுப்பது இதைத்தான். அடியில் ஒல்லியாகத் தொடங்கி மேலே அகலும் தூணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டு, மேலும் கீழும் இறுக்கிய போர்ட்டல், அதாவது ஃபிக்ஸ்டு பேஸ்.

மூன்று, அடியில் இறுக்கி நட்ட தூண், அதன் தலையில் சும்மா உட்காரும் டியூப் ட்ரஸ் (குழாய்களை முக்கோணங்களாகப் பின்னிய உத்திரம்). உள்ளூர் ஃபேப்ரிகேட்டர்களின் வழக்கமான வேலை.

ஒன்றும் மூன்றும் பார்வைக்கு வேறு, கணக்கில் உடன்பிறப்பு. ஒன்றில் தலை இறுக்கம், அடி கீல். மூன்றில் அடி இறுக்கம், தலை கீல். ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தால் மற்றது. ராஃப்டர் வளையாது என்று வைத்துக்கொண்டால் இரண்டின் பக்கவாட்டு விறைப்பும் ஒன்றே. இரும்புக் கட்டுமான விதி ஐ.எஸ். 800 இரண்டுக்கும் தூணின் செயல்நீளத்தை உயரத்தின் 2 மடங்காகத்தான் எடுக்கச் சொல்கிறது. நம் 7 மீட்டர் தூண் பக்ளிங் (அமுக்கத்தில் பக்கவாட்டில் நெளிந்துபோவது) கணக்கில் 14 மீட்டர் தூணாக நடந்துகொள்ளும். இரண்டு முனையும் இறுகிய இரண்டாவது வழியில் காரணி 1.2, செயல்நீளம் 8.4 மீட்டர். பக்ளிங் தாங்குதிறன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால் அதே தூணுக்கு 2.8 மடங்கு, பக்கவாட்டு விறைப்பு 4 மடங்கு.

இதைக் கேட்டதும் இரண்டாவதே சிறந்தது என்று தோன்றும். அந்த 4 மடங்கைக் கொடுப்பது இரும்பு மட்டுமல்ல, மண்ணும் சேர்ந்துதான். மண் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது மூன்றாவது வழியில் பளிச்சென்று தெரிவதால் அதிலிருந்து தொடங்கலாம்.

ட்ரஸ் வைத்த தூண்: அடியும் கீழ்ச்சட்டமும்

குறுக்கே வீசும் காற்று ஒரு சட்டகத்தில் தள்ளுவது சுமார் 6.4 டன். இரண்டு தூண் பங்குபோட்டால் ஒவ்வொன்றின் அடியிலும் 11 டன்-மீட்டர் மொமென்ட் (வளைக்கும் திருப்பம்). ஐ.எஸ்.எம்.பி. 350 (350 மி.மீ. ஆழ ஐ-வடிவ இரும்பு) போட்டால் தூணின் தலை 50 மி.மீ. அசையும். தகடுச் சுவருக்கு அனுமதி உயரத்தில் 150-இல் ஒரு பங்கு, அதாவது 47 மி.மீ. ஆகவே ஐ.எஸ்.எம்.பி. 400-க்குப் போகிறோம். அசைவு 34 மி.மீ. ஆகிறது. டிசைன் பாஸ்.

இப்போது 2 மீட்டர் அகலப் பாதத்தின் ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட 10 மி.மீ. கூடுதலாக அமுங்கட்டும். 200-இல் ஒரு பங்கு சுழற்சி. 7 மீட்டர் உயரத்தில் அது 35 மி.மீ. தூணின் வளைவோடு கூட்டினால் 69. பாஸ் ஆன டிசைன் ஃபெயில். மேலே கை கொடுக்க ஹாஞ்ச் இல்லாததால் அடியின் சுழற்சி முழுவதும் அப்படியே தலைக்குப் போகிறது. தூண்களுக்கிடையே 3 மீட்டர் வரை செங்கல் சுவர் எழுப்புவது நம்மூர் வழக்கம். அப்படி வளைந்துகொடுக்காமல் விரிசல் விடும் சுவர் இருந்தால் அனுமதியே 240-இல் ஒரு பங்காகக் குறைந்து 29 மி.மீ.தான்; 400 போட்டாலும் போதாது.

கருங்கல் பாறையோ நல்ல கிராவலோ 1.5 மீட்டரில் கிடைத்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போன்ற மண்ணில், மழைக்கு ஊதிக் கோடைக்கு வெடிக்கும் இடத்தில், இறுகிய அடி என்று டிராயிங்கில் எழுதுவதோடு சரி.

ஆங்கர் போல்ட்டையும் பாருங்கள். கீல் அடிக்கு 4.6 தரத்தில் 4 எம்20 (20 மி.மீ. விட்ட) போல்ட் தூக்குவிசையைத் தாங்கிவிடும். இறுக்கிய தூணில் மொமென்ட்டும் தூக்குவிசையும் ஒன்றாக வருகின்றன. போல்ட் வரிசைகளுக்கிடையே அரை மீட்டர் இருந்தாலும், இழுபடும் பக்கத்துக்கு மட்டும் பாதுகாப்புக் காரணிகளோடு 42 டன். எம்24 ஒன்று 10 டன்தான் தரும். எம்30 என்றால் பக்கத்துக்கு 3, மொத்தம் 6. பேஸ் பிளேட் தடித்து ஸ்டிஃப்னர் ஏறும், பாதம் விரியும். கொட்டேஷனில் காணாமல் போன கிலோ எல்லாம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது ட்ரஸ். நேரடிச் சுமையில் மேல்சட்டம் அமுக்கத்திலும் கீழ்ச்சட்டம் இழுவையிலும் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேல்சட்டத்தைப் பர்லின்கள் (கூரைத் தகட்டைத் தாங்கும் நீளவாக்குக் கம்பிகள்) வரிசையாகப் பிடித்திருக்கின்றன, கீழ்ச்சட்டம் இழுவைதானே என்று பிடியில்லாமல் விடப்படுகிறது. செங்கல்பட்டுக் காற்றில் கூரை மேலே இழுபடும்போது விசை திரும்பிவிடும். 1.6 மீட்டர் ஆழ ட்ரஸ்ஸில், எடையும் கூரை மேல் சுமையும் சேர்ந்து மேல்சட்டத்துக்குக் கொடுக்கும் அமுக்கம் 20 டன். காற்று தூக்கும்போது கீழ்ச்சட்டத்துக்கு வரும் அமுக்கம் 29 டன். பலரும் கவனிக்காத சட்டத்துக்குத்தான் பெரிய அமுக்கம்.

அந்தக் கீழ்ச்சட்டம் 100×100×5 சதுரக் குழாய் என்றால் ஆய்லர் சூத்திரக் கணக்கில் அதன் பக்ளிங் சுமை இப்படி:

பக்கவாட்டுப் பிடி எதுவும் இல்லாமல் 20 மீட்டர்: 1.3 டன்.
5 மீட்டருக்கு ஒரு பிடி: 21 டன்.
3.33 மீட்டருக்கு ஒரு பிடி: 48 டன்.

ஆய்லர் எண் உச்சவரம்புதான், டிசைன் பலம் இன்னும் கீழே நிற்கும். 5 மீட்டர் பிடியோடும் இந்தக் குழாய் போதாது. பிடியை நெருக்கிக் குழாயையும் பெரிதாக்க வேண்டும். பிடி என்றால் சட்டகத்துக்குச் சட்டகம் கீழ்ச்சட்டங்களைக் கோக்கும் டை குழாய். அந்த டை வரிசையும் கடைசியில் ஒரு பிரேசிங் பேயில் (குறுக்குக் கம்பி போட்டு இறுக்கிய பே) போய் முடிய வேண்டும். முடியாவிட்டால் எல்லாச் சட்டங்களும் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கமாக நெளியும்.

கீல் அடிப் போர்ட்டல்: ஹாஞ்ச்சும் ஃபிளாஞ்ச் பிரேஸும்

இங்கே அடியில் மொமென்ட் இல்லை. அஸ்திவாரத்துக்கு வருவது தூக்குவிசை, கிடைவிசை, சட்டகம் கால் விரிக்கப் பார்ப்பதால் வரும் வெளித்தள்ளல். எடையும் கூரைச் சுமையும் சேர்ந்த நிலையில் இந்த வெளித்தள்ளல் சுமார் 2.7 டன். மண் கொஞ்சம் சுழன்றாலும் கீல் கீலாகவே இருக்கும், சட்டகத்துக்குப் பாதிப்பில்லை. சந்தேகமான மண்ணுக்கு இதுவே நல்லது.

விலை ஹாஞ்ச்சில் போகிறது. உச்ச மொமென்ட் அங்கேதான். ஆனால் ஹாஞ்ச் தொழிற்கூடத்தில், கூரைக்குக் கீழே, அளவு பார்த்து வெல்டு செய்யப்படுவது. சேறு நிரம்பிய குழிக்குள் ஜே வடிவ ஆங்கர் போல்ட்டை டெம்ப்ளேட் வைத்துப் பிடிப்பதைவிட அது நம்பத்தக்கது. என்னைக் கேட்டால் இந்தச் சட்டகத்தின் உண்மையான லாபம் கிலோவில் இல்லை, கடினமான வேலையைக் குழியிலிருந்து பட்டறைக்கு மாற்றியதில்தான் இருக்கிறது.

அங்கேயும் தவறு நடக்கும். தூணையும் ராஃப்டரையும் போல்ட் போட்டுச் சேர்க்கும் எண்ட் பிளேட் வெல்டு சூட்டில் நடுவில் குழிந்து வரும். இரண்டு பிளேட்டையும் சேர்த்தால் ஓரத்தில் ஒட்டி நடுவில் இடைவெளி தெரியும், அல்லது நேர்மாறாக இருக்கும். 8.8 தரப் போல்ட்டை முறுக்கினால் இடைவெளி மூடுகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். இடைவெளி இருந்தால் அந்த மூட்டு டிசைனில் சொன்ன இறுக்கத்தைத் தராது, சட்டகம் கணக்கைவிட அதிகம் அசையும்.

பெரிய தவறு ஃபிளாஞ்ச் பிரேஸில். ராஃப்டரின் மேல் ஃபிளாஞ்ச்சைப் (ஐ-வடிவத்தின் மேல் படுக்கைத் தகடு) பர்லின் பிடித்திருக்கிறது. எடைச் சுமையில் ஹாஞ்ச் அருகே கீழ் ஃபிளாஞ்ச் அமுக்கத்தில் இருக்கும், காற்று தூக்கும்போது நடுப்பகுதியின் கீழ் ஃபிளாஞ்ச்சும் அமுக்கத்துக்கு வரும். அதைப் பிடிக்க, பர்லினிலிருந்து கீழ் ஃபிளாஞ்ச்சுக்குச் சாய்வாக ஒரு சின்ன ஆங்கிள். 50×50-க்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். 150 மி.மீ. அகல ஃபிளாஞ்ச்சுக்கு 3 மீட்டருக்கு ஒன்று போட்டால் மெல்லிமை விகிதம் (எண் ஏற ஏற எளிதில் நெளியும்) 70. ஹாஞ்ச்சிலிருந்து உச்சி வரை ஒன்றுமே போடாமல் விட்டால் 230. ராஃப்டர் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு சாயும். பிரேஸுக்கு வரும் விசை பெரிதல்ல. ஃபிளாஞ்ச் விசையில் 2.5 சதவீதம் எடுத்தால் 200×10 ஃபிளாஞ்ச்சுக்கு ஒன்றேகால் டன்தான். பார்க்க அற்பமாக இருப்பதாலேயே எரெக்ஷன் (சட்டகத்தைத் தூக்கி நிறுத்தும்) ஆட்கள் கடைசியில் போடலாம் என்று ஒதுக்கி வைப்பார்கள். ஷீட் ஏறியதும் மறந்துபோகும். இரண்டு மூட்டைப் பிரேஸ் ஷெட் மூலையில் மிஞ்சிக் கிடந்தால், அது கணக்கு அதிகமாக வந்த சரக்கு அல்ல.

பிடி இருப்பதாகக் காகிதத்தில் நம்பி நிஜத்தில் இல்லாமல் போனதற்குப் பெரிய சாட்சி அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் சிவிக் சென்டர். 91×110 மீட்டர் ஸ்பேஸ் ஃபிரேம் கூரை 1978 ஜனவரி 18 விடியற்காலையில் பனிச்சுமையில் முழுதாக விழுந்தது. மேல்சட்ட உறுப்புகளை நடுவில் குறுக்குறுப்புகள் பிடித்திருப்பதாகக் கணக்கில் எடுத்திருந்தார்கள். கட்டிய மூட்டு அமைப்பில் அந்தப் பிடி சரியாகக் கிடைக்கவில்லை. சில மணி நேரம் முன்புவரை அங்கே கூடைப்பந்து பார்க்க ஏறத்தாழ 5,000 பேர் உட்கார்ந்திருந்தார்கள். விழுந்தபோது யாரும் இல்லை.

இரண்டும் இறுகிய போர்ட்டல் எப்போது

கிரேன் வந்தால். அசைவு வரம்பு அப்போதுதான் கடுமையாகிறது: கீழிருந்து பெண்டன்ட்டில் இயக்கும் கிரேனுக்கு 200-இல் ஒரு பங்கு, கேபினில் ஆள் உட்கார்ந்து ஓட்டும் கிரேனுக்கு 400-இல் ஒரு பங்கு. கீல் அடியோடு இதை எட்ட ராஃப்டரும் தூணும் அநியாயத்துக்குப் பெருக்கும். அடி மொமென்ட் மூன்றாவது வழியில் வருவதைவிடக் குறைவு, மேலே ஹாஞ்ச் பங்குபோடுகிறது. மண் கொஞ்சம் இளகினாலும் சட்டகம் கீல் அடிப் போர்ட்டலாக மாறி நிற்கும், விழாது. கிரேன் இல்லாத கோடவுனுக்கு இது வீண். பின்னால் கிரேன் வரலாம் என்று நினைப்பவர்கள் அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். கீல் அடியாகக் கட்டிய ஷெட்டின் அஸ்திவாரத்தைப் பிறகு இறுக்குவது, புதிதாகக் கட்டுவதைவிடத் தொல்லை.

நீளவாக்கில் யார் பிடிப்பது

மேலே சொன்ன மூன்றும் குறுக்குத் திசைக்கு மட்டுமே. நீளவாக்கில் எல்லாத் தூணும் பலவீன அச்சில் நிற்கின்றன. முகப்புச் சுவரில் காற்று அடித்தால் கூரை மட்டத்துக்கு வரும் விசை சுமார் 10 டன், பக்கத்துக்கு 5. 6×7 மீட்டர் பேயில் குறுக்குக் கம்பியின் நீளம் 9.2 மீட்டர். ஒரே பேயில் பிரேசிங் என்றால் கம்பிக்குக் காரணியோடு 11.5 டன். இரண்டு பேயில் என்றால் 5.8. 20 மி.மீ. ராட் 7 டன் தாங்கும். ஆகவே இரண்டு பே அவசியம். ஒன்றோடு விட்டால் 20 மி.மீ. ராட் போதாது. பிரேசிங் பேத் தூணுக்குக் கூடுதல் தூக்குவிசையும் உண்டு. ஒரே பே என்றால் 6 டன் சேரும். அந்தத் தூணுக்கும் மற்றத் தூணுக்கும் ஒரே அளவுப் பாதம் போட்டிருந்தால் யாரோ கணக்குப் பார்க்கவில்லை.

ராட் மலிவு. ஆனால் டர்ன்பக்கிள் தளர்ந்தால் வேலைக்காகாது, தூணின் 5 மி.மீ. நடுத்தகட்டில் (வெப்) துளையிட்டு வாஷர் சரியில்லாமல் மாட்டினால் தகடு கிழியும். 75×75×6 ஆங்கிளை நடுவில் ஒன்றோடொன்று போல்ட் போட்டுக் கோத்தால் மெல்லிமை 316, அனுமதி 350-க்குள் வரும். தளராது, கையால் ஆட்டினாலும் அசையாது. கடலோரத்துக்கு ஆங்கிளே என் தேர்வு. பிரேசிங் பேயில்தான் ஷட்டர் வேண்டும் என்று ஓனர் பிடிவாதம் பிடித்தால் நீளவாக்கிலும் ஒரு குட்டிப் போர்ட்டல் போட வேண்டும். எடை ஏறும், அசைவும் கூடும். ஷட்டரை அடுத்த பேக்குத் தள்ளச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பது மலிவு.

எரெக்ஷனில் மட்டும் மூன்றாவது வழி ஜெயிக்கும், ஏனென்றால் இறுக்கிய தூண் தானே நிற்கும். கீல் அடிச் சட்டகம் நீளவாக்கில் தானே நிற்காது. முதல் இரண்டு சட்டகத்தையும் பிரேசிங் பேயில் நிறுத்தி, பர்லினும் குறுக்குக் கம்பியும் மாட்டி, தூக்குக்குண்டு பார்த்து இறுக்கிய பிறகே மூன்றாவதைத் தூக்க வேண்டும். அதுவரை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய ரோப் இருக்க வேண்டும். மாலையில் ஒற்றைச் சட்டகத்தை ரோப்பில்லாமல் விட்டுப்போனால் இரவுக்காற்றே போதும்.

எதை எடுப்பது

செங்கல்பட்டுக் கோடவுனுக்குக் கீல் அடிப் போர்ட்டல், இரு முனைகளின் அருகே ஆங்கிள் பிரேசிங். மண் எப்படி இருந்தாலும் இதைக் காப்பாற்றலாம். கோவையில் இதே மாதிரி ஷெட், அகலம் 12 அல்லது 15 மீட்டர், கீழே பாறை, தெரிந்த ஃபேப்ரிகேட்டர் என்றால் ட்ரஸ் வைத்த தூணுக்குத் தயங்க வேண்டியதில்லை. அங்கே தூக்குவிசை மூன்றில் ஒரு பங்கு சொச்சம், மண் நம் பக்கம். 5 டன் கிரேன் என்றால் இரண்டாவது வழி, மண் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் மட்டும்.

கொட்டேஷனோடு ஒரு தாள் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு தூணின் அடியிலும் கீழ்விசை, தூக்குவிசை, கிடைவிசை, மொமென்ட் எவ்வளவு, பிரேசிங் பேத் தூணுக்குத் தனியாக எவ்வளவு என்ற பட்டியல். அதைச் சிவில் காண்டிராக்டரிடம் கொடுத்து அஸ்திவாரத்துக்கு விலை போடச் சொல்லி, இரும்பு விலையோடு கூட்டியபின் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூக்குவிசைக் கட்டம் காலியாக இருக்கும் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.